சொந்த மண்ணில் வாங்கிய ஒரு கோல்: டக்காரின் ஜான் தார்க் ஆப்பிரிக்காவில் போன தூரம்

கேள்வி இதுதான்: "செனகலின் ஜான் தார்க் என்ற கிளப் ஒரு முறை ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது என்று படித்தேன். கண்ட அளவிலான போட்டிகளில் அதன் வரலாறு என்ன? செனகல் தேசிய அணி இவ்வளவு சாதித்தும், அந்நாட்டுக் கிளப் ஒன்றுகூட ஏன் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றதில்லை?"

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஜான் தார்க் 1998இல், காஃப் என்னும் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திய காஃப் கோப்பையின் இறுதிக்குப் போய்த் தோற்றது. 2004இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் தோற்றது. இரண்டு முறையும் வழியை மறித்தவை துனிசியக் கிளப்புகள். செனகல் கிளப் ஒன்று கண்ட அளவிலான கோப்பையின் இறுதிப் போட்டியில் ஆடியது அந்த 1998இல் மட்டும்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதை ஏதோ சின்ன நாட்டின் சின்னக் கணக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. சாடியோ மானேயைக் கொடுத்த நாடு, 2002 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் பிரான்சை 1-0 என்று சாய்த்த நாடு. அப்படிப்பட்ட நாட்டின் கிளப்புகள் ஏன் திரும்பத் திரும்ப அதே வாசல்படியில் தடுக்கி விழுகின்றன என்பதைப் பல வருடமாகப் பின்தொடர்ந்து வருகிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். நாம் ஜோன் ஆஃப் ஆர்க் என்று சொல்லும் பிரெஞ்சு வீராங்கனையைப் பிரெஞ்சில் உச்சரிப்பது ஏறக்குறைய 'ஜான் தார்க்' என்றுதான். 1920இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த, இன்று செனகலின் தலைநகரான டக்காரில், கத்தோலிக்கப் பாதிரியார்களின் அரவணைப்பில் தொடங்கிய விளையாட்டுச் சங்கம் இது. நிறம் நீலமும் வெள்ளையும். 1947இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்குமாக ஒரு கோப்பைப் போட்டி தொடங்கியது. டக்கார், பமாகோ, அபிஜான் என்று இன்று வெவ்வேறு நாடுகளில் இருக்கும் ஊர்களின் கிளப்புகள் அதில் மோதின. 1950களின் தொடக்கத்தில் ஜான் தார்க் அதை வென்றது. ஆப்பிரிக்கக் கிளப் கோப்பை என்ற எண்ணமே பிறக்காத காலத்தில், எல்லை தாண்டி ஆடி ஜெயித்த பழக்கம் இந்தக் கிளப்புக்கு இருந்தது. 1960இல் செனகல் விடுதலை பெற்றதும் முதல் தேசிய சாம்பியன் ஆனதும் இதுவே.

அடுத்து, போட்டிகளின் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இது தெரியாமல் பழைய பட்டியல்களைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. 1964இல் ஆப்பிரிக்க சாம்பியன் கிளப்புகள் கோப்பை தொடங்கியது. அதுதான் 1997இலிருந்து சாம்பியன்ஸ் லீக். 1975இல் உள்நாட்டுக் கோப்பைகளை வென்றவர்களுக்குத் தனியாக ஒரு போட்டி வந்தது. 1992இல் மூன்றாவதாகக் காஃப் கோப்பை வந்தது. உள்நாட்டு லீக்கில் சாம்பியனுக்கு அடுத்த இடத்தில் நின்றவர்களுக்கான போட்டி அது. 2004இல் பின்னிரண்டையும் சேர்த்துக் கான்ஃபெடரேஷன் கோப்பை என்று ஒன்றாக்கிவிட்டார்கள். ஆக, ஜான் தார்க் 1998இல் இறுதிக்குப் போனது மூன்றாம் வரிசைப் போட்டியில். 2004இல் அரையிறுதிக்குப் போனது முதல் வரிசைப் போட்டியில். ஏட்டில் இறுதிப் போட்டி பெரிதாகத் தெரியும். ஆனால் எனக்கு 2004தான் பெரிய சாதனை.

1980களை வேகமாகக் கடந்துவிடலாம். 1985, 1986, 1988 என்று மூன்று முறை செனகல் சாம்பியன். ஆப்பிரிக்காவில் இறுதிப் போட்டியின் பக்கம்கூடப் போக முடியவில்லை. அது எகிப்தின் அல் அஹ்லியும் ஜமாலெக்கும் கண்டத்தையே ஆண்டுகொண்டிருந்த காலம்.

1998க்கு வருவோம். காஃப் கோப்பை அப்போது முழுக்க நாக்-அவுட். ஒவ்வொரு சுற்றிலும் சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என இரண்டு ஆட்டம். இப்படிச் சுற்றுச் சுற்றாகத் தாண்டி வந்த ஜான் தார்க், இறுதியில் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரக் கிளப்பான ஸ்ஃபாக்ஸியனைச் சந்தித்தது. ஓர் ஆட்டத்தில் 0-1, இன்னொன்றில் 0-3. மொத்தக் கணக்கு 0-4. இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. அதே ஸ்ஃபாக்ஸியன் பின்னாளில் 2007, 2008, 2013 என மூன்று முறை கான்ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. யாரிடம் தோற்றார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தத் தோல்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் வந்ததுதான் இந்தக் கிளப்பின் பொற்காலம். 1999இல் லீக் சாம்பியன். 2001, 2002, 2003 என்று தொடர்ச்சியாக மூன்று முறை சாம்பியன். இந்தத் தொடர்ச்சிதான் முக்கியம், பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன். நடுவில், 2002 உலகக் கோப்பைக்குப் போன செனகல் அணியின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 23 பேரில் 21 பேர் பிரான்சில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் மொராக்கோவில். உள்நாட்டில் ஆடிய ஒரே ஒருவர் கோல்கீப்பர் கலிடூ சிசோகோ. அவருடைய கிளப் ஜான் தார்க். அந்த ஒற்றைப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு விஷயம் தோன்றும். ஒன்று, அப்போது செனகலுக்குள் ஜான் தார்க் எந்த உயரத்தில் இருந்தது என்பது. இன்னொன்று, உள்நாட்டு லீக்குக்கு உலகக் கோப்பை அணியில் கிடைத்த மொத்த இடம் அவ்வளவுதான் என்பது.

2004. சாம்பியன்ஸ் லீக்கில் அப்போது எட்டு அணிகள்தான் குழுச் சுற்றுக்கு வரும். நான்கு நான்காக இரண்டு குழு, ஆளுக்கு ஆறு ஆட்டம், ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு பேர் அரையிறுதிக்கு. இன்று பதினாறு அணிகள் வருகின்றன. அன்று அந்த எட்டில் ஒன்றாக நிற்பதே பெரிய விஷயம். ஜான் தார்க் எட்டிலும் நின்றது, அங்கிருந்து நான்குக்கும் வந்தது. மீதி மூன்று அணிகளைப் பாருங்கள்: முந்தைய ஆண்டின் சாம்பியனான நைஜீரியாவின் எனியிம்பா, துனிசியாவின் எஸ்பெரான்ஸ், அதே துனிசியாவின் எத்வால் டு சாஹெல். எஸ்பெரான்ஸும் எனியிம்பாவும் ஒரு பக்கம். ஜான் தார்க்குக்கு எதிரே எத்வால்.

டக்காரில் நடந்த முதல் ஆட்டத்தை ஜான் தார்க் 2-1 என்று வென்றது. பெரிய எதிரியை அரையிறுதியில் வென்றாகிவிட்டது, அடுத்த ஆட்டத்தில் சமன் செய்தாலே இறுதி. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியூர் கோல் விதி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு ஆட்டமும் சேர்ந்து மொத்தக் கணக்கு சமமாக இருந்தால், எதிரி மைதானத்தில் அதிக கோல் அடித்தவருக்கே அடுத்த சுற்று. டக்காரில் எத்வால் அடித்த அந்த ஒரு கோல், 2-1 என்ற வெற்றியின் மதிப்பையே மாற்றிவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் எத்வாலுக்கு 1-0 போதும். மொத்தம் 2-2 ஆகும், வெளியூர் கோல் கணக்கில் எத்வால் இறுதிக்குப் போகும். அதாவது தங்கள் ஊரான சூஸில் ஒரே ஒரு கோல் அடித்து, ஒன்றும் வாங்காமல் இருந்தால் அவர்கள் வேலை முடிந்தது. மாறாக டக்கார் ஆட்டம் 1-0 என்று முடிந்திருந்தால், வித்தியாசம் அதே ஒரு கோல்தான், ஆனால் சூஸில் எத்வால் 1-0 எடுத்தாலும் பெனால்டிக்குத்தான் போயிருக்க முடியும். 2-1ஐ விட 1-0 மேல். கால்பந்தை ஆழமாகப் பார்க்காதவர்களுக்கு இது விசித்திரமாகப் படும், ஆனால் இரண்டு ஆட்டச் சுற்றின் உயிர்நாடியே இதில்தான் இருக்கிறது.

சூஸில் முடிவு 0-3. மொத்தம் 2-4. எத்வால் ஒரு கோலோடு நிற்கவில்லை, ஆகவே கடைசிக் கணக்கில் வெளியூர் கோல் விதிக்கு வேலையே வரவில்லை. ஆனாலும் 2-1ஐக் கையில் பிடித்துக்கொண்டு வட ஆப்பிரிக்காவுக்குப் போகும் அணி, முதல் நிமிடத்திலிருந்தே ஒரு கோலுக்குப் பயந்து ஆட வேண்டியிருக்கிறது. ஒன்று விழுந்தால் கட்டாயம் முன்னேறி ஆட வேண்டும், முன்னேறினால் பின்னால் இடம் திறக்கும், அந்த இடத்தில் அடுத்த கோல் வரும். இறுதியில் எத்வாலும் எனியிம்பாவிடம் தோற்றது: இரண்டு பேரும் அவரவர் ஊரில் 2-1, பெனால்டியில் 5-3 என்று எனியிம்பா தொடர்ந்து இரண்டாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது. ஜான் தார்க் இவர்களுக்கு எத்தனை அருகில் நின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு ஜான் தார்க்குக்கு லீக் பட்டம் வரவில்லை. மொத்தம் பத்துப் பட்டங்களோடு கணக்கு நின்றது. சில ஆண்டுகளில் முதல் பிரிவிலிருந்தே கீழே இறங்கியது. ஆப்பிரிக்காவின் கடைசி நான்கில் நின்ற கிளப், உள்நாட்டின் கீழ்ப் பிரிவு மைதானங்களில் ஆட வேண்டிய நிலைக்கு வந்தது. இதை எழுதும்போது இன்றும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, ஜான் தார்க்குக்குப் பிறகு மற்ற செனகல் கிளப்புகள் என்ன செய்தன? சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்கு அடுத்த செனகல் கிளப் வர 2021 ஆனது. இடையில் 2019இல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதே 2-1 மறுபடி வருகிறது.

ஜெனரேஷன் ஃபூட் என்பது மாடி டூரே என்பவர் 2000இல் தொடங்கிய பயிற்சிக் கூடம், அதோடு சேர்ந்த கிளப். சாடியோ மானே, இஸ்மாய்லா சார், பாப் மாத்தார் சார் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான். 2019-20 சாம்பியன்ஸ் லீக்கில் அது ஜமாலெக்கைச் சந்தித்தது. சொந்த மண்ணில் 2-1 வெற்றி. எகிப்தில் நடக்க வேண்டிய இரண்டாவது ஆட்டத்துக்குக் கடைசி நேரத்தில் நாளும் மாறியது, மைதானமும் மாறியது. செனகல் அணி அதை ஏற்க மறுத்தது. ஆட்டம் நடக்காமல் அணி ஊர் திரும்பியது. கொஞ்ச நாள், ஜமாலெக் வெளியேற்றப்படுமோ என்ற பேச்சுகூட இருந்தது. கடைசியில் ஆட்டத்தை நடத்தியே ஆக வேண்டும் என்று காஃப் முடிவு செய்தது. அக்டோபர் 24 அன்று எகிப்தில் ஆடினார்கள். ஜமாலெக் 1-0. மொத்தம் 2-2. வெளியூர் கோல் கணக்கில் ஜமாலெக் உள்ளே, ஜெனரேஷன் ஃபூட் வெளியே. அந்தப் பருவத்தில் ஜமாலெக் இறுதிப் போட்டி வரை போய் அல் அஹ்லியிடம் தோற்றது. 2004இல் எத்வாலுக்குத் தேவைப்பட்ட அதே 1-0, பதினைந்து வருடம் கழித்து ஜமாலெக்கின் கையில் அச்சு அசலாகக் கிடைத்தது.

இப்போது 2021க்கு வருவோம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. டக்காரை ஒட்டிய பழைய துறைமுக ஊர் ருஃபிஸ்க். அந்த ஊருக்கு உள்ளூர் மக்கள் வைத்திருக்கும் பெயர் தெங்கெத். 2010இல்தான் பிறந்த தெங்கெத் கிளப், 2020-21 சாம்பியன்ஸ் லீக்கில் மொராக்கோவின் ராஜா காசாபிளாங்காவோடு மோதியது. ராஜா மூன்று முறை ஆப்பிரிக்க சாம்பியன், 2013இல் கிளப் உலகக் கோப்பையின் இறுதி வரை போன கிளப். தெங்கெத்துக்கோ பத்து வயது.

தியெஸ் நகரில் நடந்த முதல் ஆட்டம் 0-0. பலரும் அதோடு தெங்கெத் கதை முடிந்தது என்றார்கள். சொந்த ஊரில் கோல் அடிக்காத அணி காசாபிளாங்காவில் என்ன செய்துவிடும் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு மட்டும் அந்த 0-0ஐப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. அடிக்கவில்லை, சரி. ஆனால் வாங்கவும் இல்லை. இப்போது கணக்கு திரும்பிவிட்டது: அங்கே போய் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தால்கூடத் தெங்கெத் உள்ளே. ஒரு கோலுக்குப் பயப்பட வேண்டியது இந்த முறை ராஜாதான்.

ஜனவரி 2021. கொரோனா காலம், காசாபிளாங்காவில் பார்வையாளர்கள் இல்லை. ராஜாவின் ரசிகர்கள் எழுப்பும் இரைச்சலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், காலி இருக்கைகள் அன்று தெங்கெத்துக்கு எவ்வளவு பெரிய உதவி என்று. இங்கே நள்ளிரவைத் தாண்டி விழித்திருந்து கணினித் திரையில் பார்த்தேன். படம் நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். ஆட்டம் முழுக்கத் தெங்கெத் தங்கள் பெனால்டி பகுதியின் ஓரத்திலேயே கோட்டை கட்டியது போல் நின்றது. 0-0. பெனால்டிக்குப் போனது. தெங்கெத் 3-1 என்று வென்றது. இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோல்கூட அடிக்காமல், ஒரு கோல்கூட வாங்காமல், ராஜாவை வெளியேற்றிவிட்டார்கள். அப்போது அணியின் பயிற்சியாளர் யூசுஃப் டாபோ. அடுத்த சில ஆண்டுகளில் தான்சானியாவின் அஸாம் கிளப் அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

அந்தத் தோல்வியால் கான்ஃபெடரேஷன் கோப்பைக்கு இறங்கிய ராஜா, அதே பருவத்தில் அந்தக் கோப்பையை வென்றது. பருவத்தின் முடிவில் கோப்பை தூக்கப்போகும் அணியைத்தான் தெங்கெத் வெளியே தள்ளியிருந்தது. அடுத்து குழுச் சுற்றில் எஸ்பெரான்ஸ், ஜமாலெக், அல்ஜீரியாவின் எம்.சி. அல்ஜெர் என்று மூன்று வட ஆப்பிரிக்க மலைகள். தெங்கெத் நான்காவது இடத்தில் முடித்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் குழுவில் ஜமாலெக்கே மூன்றாவதாக முடித்து வெளியேறியது.

அதே பருவத்தில் கான்ஃபெடரேஷன் கோப்பையில் டக்காரின் இன்னொரு பெரிய கிளப்பான ஜராஃப் காலிறுதி வரை வந்தது. ஜராஃப் மெதினா என்ற பழைய குடியிருப்பின் கிளப், நிறம் பச்சையும் வெள்ளையும், செனகலில் அதிக லீக் பட்டங்கள் அதனிடம்தான். ஜான் தார்க்கின் பரம்பரை எதிரி. குழுச் சுற்றில் எத்வாலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னேறிய அணி, காலிறுதியில் கேமரூனின் காட்டன் ஸ்போர்ட்டிடம் நின்றது. சொந்த மண்ணில் 2-1, அங்கே 0-1. மொத்தம் 2-2, வெளியூர் கோல். மறுபடியும் அதே கணக்கு. 2024-25இல் ஜராஃப் மறுபடி குழுச் சுற்றுக்கு வந்தது, அல்ஜீரியாவின் யூ.எஸ்.எம். அல்ஜெரும் ஐவரி கோஸ்ட்டின் அசெக்கும் முன்னேற, அது அங்கேயே நின்றுவிட்டது.

'ஏன்' என்ற கேள்விக்கு வருவோம். பணம் என்று ஒரே வார்த்தையில் பலர் முடித்துவிடுவார்கள். கெய்ரோ, துனிஸ், காசாபிளாங்கா கிளப்புகளிடம் பணம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது பாதிப் பதில்.

செனகலில் நல்ல வீரர்கள் இல்லாமல் இல்லை. 2023 பிப்ரவரி 4 அன்று அல்ஜியர்சில், உள்நாட்டு லீக்குகளில் ஆடுபவர்கள் மட்டும் பங்கேற்கும் ஆப்பிரிக்கத் தேசிய அணிகள் போட்டியின் இறுதியில், போட்டியை நடத்திய அல்ஜீரியாவையே செனகல் பெனால்டியில் 5-4 என்று வென்றது. வட ஆப்பிரிக்க மண்ணில், நிறைந்த அரங்கில், முழுக்க உள்ளூர் கிளப் வீரர்களை வைத்துக்கொண்டு. கிளப்பாகப் போகும்போது முடியாதது, கிளப் வீரர்களை ஒன்றாகச் சேர்த்ததும் முடிந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

அந்த அணியில் இருந்த லமின் கமராவின் கதையே பதில். ஜெனரேஷன் ஃபூட் பையன். கோப்பை வென்ற கையோடு பிரான்சின் மெட்ஸ் கிளப்புக்குப் போய்விட்டார், அடுத்த ஆண்டு மொனாக்கோ. ஜெனரேஷன் ஃபூட்டுக்கும் மெட்ஸுக்கும் 2000களின் தொடக்கத்திலிருந்தே ஒப்பந்தம் இருக்கிறது. மானே போனதும் அந்த வழியில்தான். பிரான்சின் முன்னாள் வீரர் பாட்ரிக் வியேரா உள்ளிட்டோர் சேர்ந்து செனகலின் சாலி என்ற ஊரில் தொடங்கிய டியாம்பார்ஸ் பயிற்சிக் கூடத்திலிருந்து இத்ரிசா கேயி வந்ததும் இப்படித்தான். ஒரு நல்ல வீரர் இருபது வயதில் விமானம் ஏறிவிடுகிறார். அவருக்கும் குடும்பத்துக்கும் அது நல்லது, தேசிய அணிக்கும் நல்லது. கிளப்புக்கு மட்டும் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக விதைக்க வேண்டியிருக்கிறது. அதோடு காஃப் 2018இலிருந்து போட்டிக் காலத்தை ஆகஸ்ட் முதல் மே வரை என்று மாற்றியது. குழுச் சுற்றின் நடுவில் ஜனவரி வருகிறது. ஜனவரி என்றால் ஐரோப்பியக் கிளப்புகள் ஆள் எடுக்கும் மாதம்.

இங்கேதான் ஜான் தார்க்கின் மூன்று தொடர் பட்டங்களுக்குத் திரும்ப வேண்டும். 2013 முதல் 2018 வரை ஆறு பருவங்களில் செனகல் சாம்பியன்கள் யார் யார் என்று பாருங்கள்: டியாம்பார்ஸ், பிகின், டுவான், கோரே, ஜெனரேஷன் ஃபூட், ஜராஃப். ஆறு வருடம், ஆறு கிளப். உள்நாட்டு ரசிகருக்கு இது சுவாரசியமான லீக். ஆனால் ஆப்பிரிக்காவுக்குப் போகும் ஒவ்வொருவரும் புதியவர்தான். விமானப் பயணம், மைதானம், வட ஆப்பிரிக்க நடுவர்களின் போக்கு, நேரத்தைக் கடத்தும் தந்திரம் எல்லாவற்றையும் ஒருவர் கற்றுக்கொண்டு முடிக்கும்போது அடுத்த வருடம் வேறொருவர் போகிறார். ஜான் தார்க் 2004இல் அரையிறுதிக்கு வந்தது முந்தைய மூன்று வருடமும் சாம்பியனாக இருந்த பிறகுதான். இதற்கு எதிராக ஓர் உதாரணமும் உண்டு, மறைக்கக் கூடாது. சுங்கத் துறையின் அணியான டுவான் 2006, 2007, 2008 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றும் ஆப்பிரிக்காவில் தடம் பதிக்கவில்லை. தொடர்ச்சி மட்டும் இருந்தால் போதாது. அது இல்லாமலும் முடியாது என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணம் பருவ மழை. செனகலில் மழைக் காலத்தில் நவெத்தான் என்ற தெருக்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டிகள் நடக்கும். வோலோஃப் மொழியில் 'நவெத்' என்றால் மழைக்காலம். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஓர் அணி. தொழில்முறை லீக்குக்கு வராத கூட்டம் அங்கே முண்டியடிக்கும், ஏனென்றால் ஆடுபவன் பக்கத்து வீட்டுப் பையன். கிளப் டிக்கெட் வருமானம் மெலிந்திருப்பதற்கு இது முக்கியக் காரணம். காஃப் போட்டிகளின் முதல் சுற்றுகள் வருவதும் அதே ஆகஸ்ட், செப்டம்பரில்தான். செனகல் லீக் அப்போது தொடங்கியே இருக்காது. பயிற்சி ஆட்டங்களை மட்டும் ஆடிவிட்டு நேராக நாக்-அவுட்டுக்குப் போக வேண்டும்.

கடைசியாக மைதானம். 2017 ஜூலை 15 அன்று டக்காரின் டெம்பா டியோப் அரங்கில் லீக் கோப்பை இறுதியின்போது ரசிகர்களுக்கிடையே மோதல் வெடித்துச் சுவர் இடிந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அரங்கம் மூடப்பட்டது. அப்புறம் டக்கார் கிளப்புகள் ஆப்பிரிக்க ஆட்டங்களுக்குச் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி தியெஸில் உள்ள லாட்-டியோர் அரங்கத்துக்குப் போக வேண்டியதாயிற்று. மெதினாக்காரர் ஒருவர் வேலை நாளில் மாலை ஆட்டத்துக்குத் தியெஸ் போய் வருவது சாதாரண விஷயம் இல்லை. 2022இல் டியாம்னியாடியோவில் ஐம்பதாயிரம் பேர் அமரும் புதிய அரங்கம் திறந்தார்கள், ஆனால் அது முதலில் தேசிய அணியின் வீடு. சொந்த மண்ணின் பலம் என்பது புல்லில் இல்லை, சுற்றி நிற்கும் மக்களிடம்தான் இருக்கிறது. சொந்த ஊரில் முழுக் கூட்டம் பின்னால் நின்றால் 2-1 என்பதை 2-0 ஆக முடித்திருக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

நீங்களே பழைய பட்டியல்களைப் புரட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மாலியின் பமாகோவிலும் ஒரு ஜான் தார்க் இருந்தது. 1950களில் மேற்கு ஆப்பிரிக்கக் கோப்பையில் அதுவும் பெயர் எடுத்தது. 1960இல் இன்னொரு கிளப்போடு இணைந்து ஸ்டாட் மாலியன் ஆனது. அதனால் 1950களின் பட்டியலில் வெறும் 'ஜான் தார்க்' என்று கண்டால், பக்கத்தில் டக்கார் என்று இருக்கிறதா பமாகோ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல் ஜராஃப்பை 'டியாராஃப்' என்றும் எழுதுவார்கள், 1969க்கு முன்னால் அதன் மூதாதை 'ஃபுவாயே ஃபிரான்ஸ் செனகல்' என்ற பெயரில் இருக்கும். முதலில் 2004 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியை எடுங்கள், டக்கார் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள்.